ரெசின் மினியேச்சர் ஒட்ட எந்தப் பசை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெசின் மினியேச்சர், அதாவது ரெசின் என்ற செயற்கைப் பிசினில் செய்த குட்டிப் பொம்மை, வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் சந்தேகம் பசை பற்றித்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது பெரும்பாலும் நமக்கும் பொருந்தும். ஈரக்காற்று விஷயத்தில் மட்டும் சென்னைக்குத் தனிக் கணக்கு உண்டு. அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க அண்ணா, ரெசினுக்கு எந்தப் பசை?"

சின்ன பாகங்களுக்கு ஃபெவிகுயிக் வகைப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட். கனமான பாகங்களுக்கும், அடிக்கடி கையில் எடுக்கிற பொம்மைகளுக்கும் ஆரல்டைட் வகை, அதாவது இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சி. இந்த இரண்டும் வீட்டில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் இணைப்பைப் பாருங்கள். இரண்டு பரப்பும் இடுக்கில்லாமல் உட்காருகிறதா? ஒட்டுகிற இடம் எவ்வளவு பெரியது? அந்த இடத்தில் எடை தொங்குமா? பிறகு யாராவது அதைப் பிடித்துத் தூக்குவார்களா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பசை என்பது தானாக முடிவாகிவிடும். பிராண்ட் தேடி அலைகிற நேரத்தில் பாதியை இணைப்பைச் சரிசெய்யச் செலவழித்தாலே பொம்மை நிற்கும்.

"டமியா சிமென்ட் பாட்டில் இருக்கு. அதுலயே ஒட்டிக்கலாமா?"

ஒட்டாது. பிளாஸ்டிக் கிட்டுக்கு விற்கும் அந்த சிமென்ட் உண்மையில் ஒரு கரைப்பான். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று கலக்க வைத்துவிட்டு ஆவியாகிவிடும். ரெசின் ஒருமுறை இறுகியபின் அந்தக் கரைப்பானில் இளகாத பொருள். அச்சில் வார்த்த பாலியுரிதேன் ரெசினும் அப்படித்தான், 3டி பிரிண்டரில் வந்த ரெசினும் அப்படித்தான். சிமென்ட் காய்ந்ததும் துண்டுகள் பழையபடி தனித்தனியாக விழும்.

சில கிட்டுகளில் பொம்மை ரெசினிலும் அடித்தட்டு பிளாஸ்டிக்கிலும் இருக்கும். ஒரு பக்கம் ரெசின் என்றாலே சயனோஅக்ரிலேட்டோ எபாக்சியோதான்.

"என்கிட்ட இருக்கறது ரெசினா பிளாஸ்டிக்கானே தெரியலையே?"

சட்டத்தில் வரிசையாக மாட்டிய துண்டுகளாக வந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக். பையில் தனித்தனியாக, ஓரத்தில் தடிமனான வார்ப்புக் கட்டையோடு வந்தால் ரெசின். உற்றுப் பார்த்தால் மெல்லிய அடுக்குக் கோடுகள் தெரிகின்றனவா, அது பிரிண்ட் செய்த ரெசின். அப்படியும் சந்தேகமென்றால், வெட்டி எறியப்போகும் துண்டில் ஒரு சொட்டு பிளாஸ்டிக் சிமென்ட் வைத்துச் சற்று நேரம் கழித்து நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்துத் தடம் பதிந்தால் பிளாஸ்டிக், ஒன்றும் ஆகாவிட்டால் ரெசின்.

"ஒட்டின மறுநாளே கை கழண்டு வந்துடுச்சு. டூப்ளிகேட் பசையா சார்?"

பசையைத் திட்டும் முன் கழன்ற இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பசை முழுவதும் ஒரே பக்கத்தில் கண்ணாடித் தகடு மாதிரி ஒட்டியிருந்து, எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. எதிர்ப்பக்கப் பரப்புதான் அதைப் பிடிக்கவில்லை. காரணம், வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசும் எண்ணெய். அது ரெசின் மேல் கொஞ்சம் தங்கிவிடும். பெயின்டும் அதன்மேல் நிற்காது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் எல்லா இடுக்கிலும் தேய்த்துக் கழுவி, முழுவதும் காயவிடுங்கள். அப்புறம் ஒட்டும் இடத்தை மட்டும் 220 அல்லது 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலானால் போதும். தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் செய்த ரெசினில் அந்த எண்ணெய் இருக்காது. ஆனால் இறுகாத ரெசின் மேலே படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, யுவி (புற ஊதா) வெளிச்சத்தில் நன்றாக இறுக வைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். தொட்டால் பிசுக்கென்று இருக்கிற பிரிண்டில் எந்தப் பசையும் நிற்காது.

"ஃபெவிகுயிக் போதுமா, இல்ல ஆன்லைன்ல வர்ற காஸ்ட்லி பசைதான் வாங்கணுமா?"

இரண்டு பரப்பும் கச்சிதமாகப் பொருந்துகிற இடத்தில் தெருமுனைக் கடை ஃபெவிகுயிக்கே போதும். அது தண்ணீர் மாதிரி ஓடும் ரகம். மெல்லிய படலமாக இருந்தால்தான் அதற்குப் பலம். ஒரு குண்டூசித் தலை அளவு பசை, சின்ன கைக்குத் தாராளம். நிறையப் போட்டால் நடுவில் காயாமல் நின்று, வெளியே வழிந்து, நுணுக்கமான செதுக்கல்களை மூடிவிடும்.

பரப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலோ, துண்டைச் சற்று நகர்த்திச் சரிபார்க்க நேரம் வேண்டுமென்றாலோ கெட்டியான ரகமோ ஜெல்லோ வாங்குங்கள். லாக்டைட் 454 ஜெல் வகை. லாக்டைட் 480 கறுப்பு நிறத்தில், ரப்பர் கலந்து வரும். சாதாரண சயனோஅக்ரிலேட் இழுத்தால் தாங்கும், தட்டினாலோ கீழே விழுந்தாலோ கண்ணாடி போல உடையும். ரப்பர் கலந்தது அந்த அடியை ஓரளவு வாங்கிக்கொள்ளும். விளையாட்டு மேசையில் தினமும் புழங்குகிற பொம்மைக்கு அந்த விலை தகும். அலமாரியில் நிற்கிற பொம்மைக்குத் தேவையில்லை.

"மழைக்காலத்துல ஒட்டுனா சுத்தி வெள்ளையா பூத்துப்போகுது. ஏன்?"

சென்னைக்கென்றே உள்ள கேள்வி இது. சயனோஅக்ரிலேட் காய்கிறது என்கிறோம், உண்மையில் அதில் எதுவும் உலர்வதில்லை. பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம் பட்டதும் பசையின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. 1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவன வேதியியலாளர் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தப் பொருளைக் கண்டு, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவைத்தார். எல்லாப் பரப்பிலும் ஈரம் இருப்பதால்தான் அப்படி ஒட்டியது. 1958இல்தான் அது பசையாகக் கடைக்கு வந்தது.

நடுத்தர ஈரப்பதத்தில், ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதத்தில், இந்தப் பசை ஒழுங்காக வேலை செய்யும். நம் கடற்கரை ஊரில் வெயில் நாளிலேயே அதைத் தாண்டிவிடும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அப்போது பசை சட்டென்று பிடிக்கும். கூடவே, இறுகாத பசையிலிருந்து எழும் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் பக்கத்தில் படியும். வெள்ளையாகப் பூப்பது அதுதான்.

பசையைக் குறைப்பதுதான் முதல் மருந்து. வழிந்து நிற்கும் பசைதான் அதிகம் ஆவியாகிறது. ஒட்டியதும் பொம்மையை டப்பாவில் போட்டு மூடாதீர்கள், ஆவி உள்ளேயே சுற்றி முழுப் பொம்மையையும் வெளுக்கும். மெதுவாக ஓடும் ஃபேன் காற்று பக்கவாட்டில் பட்டால் ஆவி விலகிப்போகும். ஏசி ஓடும் அறை இன்னும் நல்லது, குளிர்ச்சியைவிட அது ஈரத்தை எடுப்பதுதான் உதவுகிறது. லாக்டைட் 460 போல வெண்மை பூக்காத ரகங்களும் உண்டு. பெயின்ட் அடிக்காத பொம்மையில் பூத்திருந்தால் கவலை வேண்டாம், தேய்த்துவிட்டு பெயின்ட்டுக்கு அடிப்பூச்சான பிரைமர் அடித்தால் மறைந்துவிடும்.

"பாட்டில் திறந்து ஒரு மாசத்துக்குள்ள கெட்டியாயிடுது. ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?"

திறக்காத பாட்டிலைத் தாராளமாக வைக்கலாம். திறந்ததை இறுக்கமாக மூடும் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். அந்த டப்பாவையே ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். சில்லென்ற பாட்டிலை நம் காற்றில் திறந்தால் உள்ளேயே நீர் கோக்கும், அந்த ஈரம் போதும் பசையைக் கெடுக்க. அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கலாம்.

மாதத்துக்கு ஓரிரு பொம்மை மட்டும் கட்டுகிறவர் பெரிய பாட்டிலே வாங்க வேண்டாம் என்பேன். ஒரு அமர்வில் தீர்ந்துபோகும் குட்டி டியூப்தான் இந்த ஊருக்குச் சரி.

"ஆரல்டைட் எப்பப் போடணும்? எவ்வளவு நேரம் பிடிச்சிட்டே உட்காரணும்?"

கனமான உடல் பாகம், இறக்கை, குதிரை மேல் வீரன், சின்ன இடுக்கு உள்ள இணைப்பு: இங்கெல்லாம் எபாக்சிதான். ஐந்து நிமிட ரகமும் உண்டு, இரவு முழுவதும் எடுக்கும் சாதாரண ரகமும் உண்டு. அவசரமில்லாவிட்டால் மெதுவானதையே எடுங்கள், பலம் அதில்தான் அதிகம். சென்னை வெயிலில் எல்லா எபாக்சியும் டப்பாவில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரம் இறுகும், கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

இரண்டு டியூபையும் சமமாகப் பிதுக்கி, பல்குத்தியால் ஒரு நிமிடமாவது விடாமல் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை, அதாவது இறுக வைக்கும் டியூபை, கூடுதலாக விட்டால், மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒரு சொம்பில் அரிசியை நிரப்பி, பொம்மையை வேண்டிய கோணத்தில் அதில் நட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அசையாமல் இருக்கும். அந்த அரிசியைச் சமையலுக்கு எடுக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"வாள் பிடிச்ச கை எத்தனை தடவை ஒட்டினாலும் விழுது அண்ணா. வேற பசை சொல்லுங்க."

வேறு பசை தேவையில்லை, உள்ளே ஒரு கம்பி வேண்டும். மணிக்கட்டில் ஒட்டும் பரப்பு மிளகு அளவுகூட இருக்காது. வாளின் நீளமோ நெம்புகோலாக வேலை செய்யும். நுனியில் லேசாகத் தட்டினாலே முழு விசையும் அந்தப் புள்ளிக்கு வந்துவிடும்.

0.8 அல்லது 1 மில்லிமீட்டர் துளை போட்டு, ஜெம் கிளிப் துண்டையோ பித்தளைக் கம்பியையோ செருகி ஒட்டுவதுதான் வழி. துளைபோடும் மெல்லிய பிட் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். மின்சுற்றுப் பலகையில் துளையிட அதே அளவுதான் பயன்படுகிறது. பிட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடியை நகைவேலைக் கருவி விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். எதிரெதிர்த் துளைகளை நேராக்க ஒரு உபாயம்: முதல் துளையின் வாயில் பெயின்ட் சொட்டு வைத்து, காயும் முன் எதிர்ப்பாகத்தை ஒருமுறை பொருத்தி எடுங்கள். பெயின்ட் பதிந்த இடத்தில் இரண்டாவது துளை. கையால் மெதுவாகத் திருப்பிப் போடுங்கள். வேகமாகச் சுற்றும் மின் டிரில் ரெசினைச் சூடாக்கி இளக்கிவிடும், மெல்லிய மணிக்கட்டு பிளந்தும் போகும்.

"இடுக்கு பெருசா இருக்கு. ஃபெவிகுயிக்கும் ஆப்ப சோடாவும் போட்டா அடைஞ்சிடும்னு சொல்றாங்களே?"

அடையும். சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்லாகிவிடும், சூடும் கிளம்பும். கைவைத்து அழுத்தாதீர்கள். ஆனால் சுற்றியுள்ள ரெசினைவிட அது கடினம். தேய்க்கும்போது பக்கத்து ரெசின் முதலில் கரைந்து பள்ளமாகும். அதனால் கண்ணில் படாத அடிப்பக்கத்துக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன்.

வெளியே தெரியும் இடத்துக்கு எபாக்சி புட்டி. பிளம்பர் கடை எம்-சீல் மலிவு, இரண்டு துண்டும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, தண்ணீர் தொட்ட விரலால் அமுக்கினால் போதும். முகம், துணி மடிப்பு போன்ற நுட்பமான இடத்துக்கு எம்-சீல் கொஞ்சம் சொரசொரப்பு. அங்கே கிரீன் ஸ்டஃப், மில்லிபுட் மாதிரி மினியேச்சருக்கென்றே வரும் புட்டிகள்தான் நயமாக அமையும்.

"ஃபெவிகால், ஹாட் குளூ, இதெல்லாம்?"

வெள்ளை ஃபெவிகால் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் காய வேண்டிய பசை, ரெசின் எதையும் உறிஞ்சாது. அடித்தட்டில் மணலும் புல்லும் ஒட்ட அதுதான் சிறந்தது. ஹாட் குளூ பெரிதாகக் குவியும், வெயிலில் இளகும். வேண்டாம்.

"பிரிண்டர் ரெசினையே பசையா தடவி, டார்ச் அடிச்சா ஒட்டிக்குமாமே?"

யுவி டார்ச் அடித்தால் ஒட்டும், ஆனால் வெளிச்சம் எட்டிய இடத்தில் மட்டும். சாயம் சேர்த்த ரெசின் பாகங்கள் ஒளியை உள்ளே விடாது. ஓரம் இறுகி, நடுவில் ரெசின் திரவமாகவே தங்கிவிடும். பின்னாளில் அது கசிந்து பெயின்ட்டை உரிக்கலாம். மெல்லிய விரிசலை அடைக்கவும், மயிரிழைத் துண்டுகளை ஒட்டவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை கொண்டுவரும்.

"பெயின்ட் அடிச்சிட்டு ஒட்டணுமா, ஒட்டிட்டு அடிக்கணுமா?"

தூரிகை எட்டுகிற இடமெல்லாம் ஒட்டிவிட்டு அடியுங்கள். கேடயத்தின் பின்னால் இருக்கும் மார்பு மாதிரி எட்டாத இடம் என்றால் முதலில் அடித்துவிட்டு, இணையும் பரப்பில் உள்ள பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டி ரெசினை வெளிக்கொண்டு வாருங்கள். சுரண்டாவிட்டால் பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும், பெயின்ட் உரிந்தால் கூடவே கையும் வரும். அடித்து முடித்த பொம்மையில் வெண்மை பூக்கும் ஆபத்தும் உண்டு, அதனால் மேலே சொன்ன ஃபேன் காற்று இங்கே கட்டாயம். கண்ணாடி போன்ற தெளிவான பாகம் இருந்தால் சயனோஅக்ரிலேட்டையே தவிர்த்து எபாக்சிக்குப் போங்கள்.

"கொலு பொம்மை கை உடைஞ்சிடுச்சு, ரெசின் பொம்மைதான். இதே முறையா?"

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் வாங்கும் பொம்மைகளில் களிமண், காகிதக்கூழ், ரெசின் மூன்றும் இருக்கும். உடைந்த இடம் வெள்ளையாக, கனமாக, மாவுக்கல் மாதிரித் தெரிந்தால் கல்தூள் கலந்த ரெசின். அதற்கு மெதுவான எபாக்சி. ஒரே ஒரு வித்தியாசம்: உடைந்த பரப்பை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்த மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று சரியாக உட்காரும், தேய்த்தால் கோடு தெரியும். தூசியைத் துடைத்து, மெல்லியதாகத் தடவி, மாஸ்கிங் டேப் சுற்றி ஒரு இரவு விடுங்கள். நவராத்திரிக்கு முந்தின நாள் பெட்டியைத் திறக்காமல் ஒரு வாரம் முன்பே திறந்து பார்த்தால் இதற்கு நேரம் கிடைக்கும்.

"கோணலா ஒட்டிட்டேன். பிரிக்க முடியுமா?"

சயனோஅக்ரிலேட் என்றால் முடியும். பொம்மையைப் பையில் கட்டி ஃபிரீசரில் சில மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை இன்னும் நொறுங்கும் தன்மை பெறும், சட்டென்று திருகினால் இணைப்பிலேயே விடும். மணிக்கட்டு மாதிரி மெல்லிய இடத்தில் திருகுவதற்கு முன் யோசியுங்கள், பசைக்கு முன் ரெசின் உடையலாம். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் பசையைக் கரைக்கும். பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தொட்டு வையுங்கள், ஊறவைக்காதீர்கள். பெயின்ட்டும் பிளாஸ்டிக் பாகமும் அதில் கரையும், பிரிண்ட் ரெசினும் கெடலாம். எபாக்சி இறுகிவிட்டால் ரம்பம்தான்.

"விரல் ஒட்டிக்கிச்சு! கண்ணுல பட்டா என்ன செய்யறது?"

விரலை இழுத்துப் பிரிக்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, இமை ஒட்டியிருந்தால் திறக்க முயலாமல், அசிட்டோன் பக்கமே போகாமல், எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ பக்கத்துக் கண் மருத்துவரிடமோ உடனே போங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் வேகமாக இறுகிப் புகையும் அளவுக்குச் சூடாகும். மடியில் பருத்தி வேட்டியோ துண்டோ விரித்து அதன்மேல் ஒட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிந்தியதைப் பஞ்சால் துடைக்கவும் வேண்டாம்.

"கார் டேஷ்போர்டுல வைக்கப்போறேன். எந்தப் பசை தாங்கும்?"

எபாக்சியும் உள்ளே கம்பியும் போட்டால் இணைப்பு ஓரளவு தாங்கும். சாதாரண சயனோஅக்ரிலேட் 80 டிகிரி செல்சியஸ் பக்கம் வரும்போதே வலுவிழக்கும், சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்த அளவை நெருங்கக்கூடியது. ஆனால் அதற்கு முன்பே ரெசின் இளகும். வளைந்து வந்த வாளைச் சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்துகிறோமே, அதே குணம்தான் அங்கே எதிராக வேலை செய்யும். மெல்லிய பாகங்கள் இல்லாத, குட்டையான, கட்டியான பொம்மையாகப் பார்த்து வையுங்கள். வாள் தூக்கிய வீரனை வீட்டு அலமாரியிலேயே விடுங்கள்.